கனவுப் பலகை, நாலு சீட்டு, ஒரு ஜிமிக்கி

3 ஜூன் 2024 – கேள்வி

பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் கஸ்டமர் சப்போர்ட் வேலை. இரண்டரை வருடம் ஆகிறது. மார்ச் மாதம் எங்கள் டீமில் எல்லோரையும் கனவுப் பலகை செய்யச் சொன்னார்கள். சொந்த இலக்கைத் தினமும் கண்முன் கொண்டுவந்தால் வேலையில் ஊக்கம் தானாக வருமாம். புல்லட் வண்டி, ஊரில் வீடு, சுவிட்சர்லாந்து என்று மூன்று படம் ஒட்டினேன். முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது. இப்போது காலையில் ஹெட்போனை மாட்டும்போது அந்தப் படங்கள் போன வருடத்துக் காலண்டர் மாதிரி தொங்குகின்றன. எனக்குத்தான் சரியாகக் கற்பனை செய்யத் தெரியவில்லையா, இல்லை இதில் ஒன்றுமே இல்லையா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

3 ஜூன், இரவு – பதில்

தம்பி, எனக்கு நாலு வருடம் பலிக்கவில்லை, அப்புறம் பலித்தது. இரண்டையும் சொல்கிறேன்.

பீன்யாவில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சப்ளையர் பில்களைச் சரிபார்த்துப் பணம் அனுப்புவது வேலை. 2018 ஜூனில் அம்மாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு திருப்பத்தூரிலிருந்து ஸ்ரீராமபுரம் வந்தேன். பெங்களூரில் வீடு பிடித்தவர்களுக்குத் தெரியும், பத்து மாத வாடகையை அட்வான்ஸாக எண்ணி வைக்க வேண்டும். 9,000 வாடகைக்கு 90,000. தம்பி கல்லூரிக்கு 50,000. அம்மாவின் பத்து பவுனும் ஒரே சீட்டில் அடகுக்குப் போனது. இரட்டை வடச் சங்கிலி 4, அட்டிகை 3, வளையல் ஜோடி 2, மாட்டலோடு சேர்த்து ஜிமிக்கி 1.

அம்மாவின் கல்யாணப் போட்டோவில் இந்த நாலும் இருக்கின்றன. அதை போனில் முகப்புப் படமாக வைத்தேன். ஸ்ரீராமபுரத்திலிருந்து பீன்யா இண்டஸ்ட்ரி வரை மெட்ரோவில் எட்டாவது ஸ்டேஷன். அந்த நேரம் முழுக்கப் போட்டோவைப் பார்த்துக்கொண்டு, நகையை மீட்டு வந்து அம்மா கழுத்தில் போடுவதை நினைப்பேன். சாண்டல் சோப் ஃபேக்டரி ஸ்டேஷன் வருவதற்குள் கண் கலங்கிவிடும். மனசு நிறைந்துபோகும். அந்த நிறைவோடு ஆபீஸ் போய் உட்கார்ந்து, மற்ற நாளைவிட ஒரு பில்கூடக் கூடுதலாகப் பார்த்ததில்லை. அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. வருடா வருடம் வட்டியைக் கட்டித் திருப்பி வைத்தேன்.

ஆகவே உங்களுக்குக் கற்பனை செய்யத் தெரியவில்லை என்று நினைக்காதீர்கள். எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அந்த நிறைவு மெட்ரோவிலேயே கிடைத்துவிட்டது. அதற்கு மேல் உழைக்க என்ன இருக்கிறது?

4 ஜூன்

நேற்று எழுதியதற்கு ஆதாரம் கேட்டிருக்கிறார்கள். நியாயம்தான்.

நியூயார்க் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் கேப்ரியேல் ஓட்டிங்கன் இதைப் பல வருடம் ஆராய்ந்தவர். 2011-ல் அவரும் ஹெதர் கேப்பஸும் வெளியிட்ட ஆய்வில், நினைத்தது அப்படியே நடந்துவிட்டதாக இனிமையாகக் கற்பனை செய்தவர்களுக்கு உடம்பின் வேகம் தணிந்திருந்தது. ரத்த அழுத்தத்தில் மேலே வரும் எண்ணான சிஸ்டாலிக்கை அளந்தே இதைப் பார்த்தார்கள். படித்ததும் எனக்கு அந்த மெட்ரோ சீட்தான் ஞாபகம் வந்தது. கண் கலங்கி முடிந்ததும் உடம்பு அப்படித்தான் தளர்ந்துபோகும்.

இன்னொன்று 1999-ல் வந்தது. லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் லியன் ஃபாம், ஷெல்லி டெய்லர் இருவரும் பரீட்சைக்கு முன்னால் சில மாணவர்களை நல்ல மார்க் வாங்கிவிட்டதாக நினைத்துப் பார்க்கச் சொன்னார்கள். வேறு சிலரை, எங்கே எப்போது உட்கார்ந்து எப்படிப் படிக்கப் போகிறோம் என்று நினைத்துப் பார்க்கச் சொன்னார்கள். படிப்பதை நினைத்தவர்கள் அதிக நேரம் படித்தார்கள், மார்க்கும் கூட வாங்கினார்கள்.

கற்பனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதைக் கற்பனை செய்கிறோம் என்பதில்தான் எனக்கு நாலு வருடம் போனது.

4 ஜூன், சாப்பாட்டு வேளை

யேல் பல்கலைக்கழகத்தில் 1953-ல் இலக்கை எழுதி வைத்த 3 சதவீதம் பேர் மற்ற எல்லோரையும்விட அதிகம் சம்பாதித்தார்கள் என்று ஒருவர் போட்டிருக்கிறார். அப்படி ஒரு ஆய்வே கிடையாது. தேடிப் பார்த்தவர்கள் யாருக்கும் அகப்படவில்லை. எங்கள் ஆபீஸ் பயிற்சி வகுப்பிலும் இதைச் சொன்னார்கள், நானும் நம்பினேன். தயவுசெய்து இதைப் பரப்பாதீர்கள்.

9 ஜூன்

ஞாயிறு, கொஞ்சம் நேரம் இருக்கிறது. திருப்பம் எங்கே வந்தது என்று கேட்டவர்களுக்காக விரிவாகவே எழுதுகிறேன்.

2020 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு தளர்வு கொடுத்தது. அதுவரை வங்கிகள் நகை மதிப்பில் 75 சதவீதம்தான் கடன் தரலாம், அதை 2021 மார்ச் கடைசி வரைக்கும் 90 ஆக்கினார்கள். தங்கம் விலையும் ஏறியிருந்தது. வட்டி கட்டப் போனபோது, "இதே நகைக்கு இன்னும் எடுக்கலாமே மேடம்" என்றார்கள். எனக்கு அப்போது பாதிச் சம்பளம், தம்பிக்கு ஆன்லைன் வகுப்புக்கு லேப்டாப் வேண்டும். 60,000 எடுத்தேன். கடன் இரண்டு லட்சம் ஆனது. அன்றைக்கும் மெட்ரோ பாலத்துக்குக் கீழே நின்று அந்தப் போட்டோவைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டேன். போட்டோ என்னைத் தடுக்கவில்லை.

2022-ல் வட்டி கட்டும் நாள் நெருங்கியபோது முதல் தடவையாக அம்மா கழுத்தை விட்டுவிட்டு வங்கிக் கவுண்டரை நினைத்துப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யார் இருப்பார், என்ன கேட்பார், நான் என்ன சொல்வேன். "டாப்-அப் வேண்டுமா" என்றுதான், அதாவது அதே நகை மேல் இன்னும் கடன் வேண்டுமா என்றுதான் கேட்பார். நான் தடுமாறும் இடம் அது ஒன்றே. அதனால் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்தேன்: டாப்-அப் என்று சொன்னால், "இன்றைக்குப் பிரிக்க மட்டும் வந்தேன்" என்று சொல்லிப் பழைய சீட்டை நீட்டிவிட வேண்டும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இந்த 'இது நடந்தால் இதைச் செய்வேன்' முறையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார் என்பது பின்னால்தான் தெரிந்தது.

பிரிப்பது என்றால் என்ன? பத்து பவுனும் ஒரே சீட்டில் இருந்தால் இரண்டு லட்சத்தையும் கட்டினால்தான் நகை கைக்கு வரும். என் சம்பளத்துக்கு அது நடக்கிற காரியமா? அன்றைய வட்டியைக் கட்டி, பழைய கடனை முடித்து, அதே நாளில் நாலு நகையையும் நாலு தனிச் சீட்டாக வைத்தேன். சங்கிலி 80,000, அட்டிகை 60,000, வளையல் 40,000, ஜிமிக்கி 20,000. மதிப்பீட்டுக் கட்டணம் நாலு தடவை கொடுக்க வேண்டியிருந்தது, பரவாயில்லை. அன்று சாயங்காலம் நாலு சீட்டையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தபோது, இது முடியும் என்று முதல் தடவையாகத் தோன்றியது.

வேலையில் ஊக்கம் எங்கே வந்தது என்றால், இங்கேதான். மாதம் 6,000 ஒதுக்க வேண்டும், சம்பளத்தில் 3,000-க்கு மேல் மிச்சமில்லை. 2022 ஜனவரியிலிருந்து, ஜிஎஸ்டிஆர் 2பி-யில் (சப்ளையர்கள் போட்ட ரிட்டர்னிலிருந்து மாதாமாதம் வரும் ஜிஎஸ்டி பட்டியல்) வராத பில்லுக்கு உள்ளீட்டு வரி எடுக்க முடியாது, அதாவது அந்தப் பில்லில் கொடுத்த ஜிஎஸ்டியை நம் வரியில் கழிக்க முடியாது என்று சட்டம் வந்துவிட்டது. ஒவ்வொரு மாதமும் 14-ம் தேதி 2பி வந்ததும் அதை நம் பில்களோடு வரி வரியாக ஒப்பிட வேண்டும். எங்கள் பிரிவில் அதை யாரும் விரும்பி எடுக்கவில்லை, நான் கேட்டு வாங்கினேன். மெட்ரோவில் போட்டோ பார்த்த நேரத்தில், இன்றைக்கு எந்த சப்ளையர் ரிட்டர்ன் போடவில்லை, யாருக்கு போன் பண்ண வேண்டும் என்று யோசித்துக்கொண்டு போக ஆரம்பித்தேன். மூன்றாவது மாதம் அதற்கென்று தனி அலவன்ஸ் கொடுத்தார்கள். 2023 மார்ச்சில் வளையல் வந்தது. இந்த வருடம் பிப்ரவரியில் அட்டிகை வந்தது.

10 ஜூன்

ஒரு திருத்தம். நேற்று இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "பிரிச்சு வைன்னு சொன்னது நான்தானே" என்றார். உண்மை. 2022 பொங்கலுக்கு முன்னால், "ஒண்ணொண்ணா மீட்க வழியில்லையாடி?" என்று கேட்டது அவர்தான். நான் அதைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான். அவருக்குச் சேர வேண்டியது அவருக்கே.

16 ஜூன்

ஓசூரிலிருந்து எழுதும் அண்ணா எடுத்த கேள்வி ஒரு வாரமாக என் தலைக்குள் சுற்றுகிறது. போட்டோவால் பயனில்லை என்கிறாயே அம்மா, நம் நாட்டுக் கூலித் தொழிலாளர்களை வைத்தே நடந்த ஆய்வு வேறு மாதிரி சொல்கிறதே என்றார்.

சரிதான். திலீப் சோமன், அமர் சீமா என்ற ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்டது. சேமிக்க வேண்டிய கூலிப் பணத்தைக் கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். சிலருக்குக் கவர் மேல் அவரவர் பிள்ளைகளின் படம் இருந்தது. படம் இருந்த கவர்க்காரர்கள் அதிகம் சேமித்தார்கள். ஒரே கவராகக் கொடுத்ததைவிட அதே பணத்தை இரண்டு கவராகப் பிரித்துக் கொடுத்தபோதும் சேமிப்பு கூடியது.

இரண்டாவது விஷயம் என் நாலு சீட்டுக்குப் பொருந்துகிறது. முதலாவது நான் சொன்னதற்கு நேர் எதிராக இருக்கிறது. யோசித்துப் பார்த்ததில் இப்படித் தோன்றுகிறது: அந்தப் படம் இருந்தது பணக் கவரின் மேலேயே. பணத்தை எடுக்க வேண்டுமென்றால் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கிழிக்க வேண்டும். என் படம் போனில் இருந்தது, ஒரு நாளைக்கு நூறு தடவை விரலால் தள்ளிவிடும் இடத்தில். 2020-ல் கையெழுத்துப் போட்ட தாள் மேல் அது இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? கை நின்றிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ஆக, போட்டோவால் பயனில்லை என்று நான் எழுதியது தவறு. தம்பி, உங்கள் புல்லட் படத்தை மானிட்டர் பக்கத்திலிருந்து எடுத்து ஏடிஎம் கார்டு மேல் ஒட்டிப் பாருங்கள். நான் முகப்புப் படத்தை மாற்றிவிட்டேன். வங்கி ஆப்பில் மாதச் சேமிப்புக் கணக்குக்குப் பெயர் வைக்க இடமிருக்கிறது, அங்கே 'அம்மா சங்கிலி' என்று எழுதியிருக்கிறேன். கணக்கை உடைக்கப் போனால் அந்தப் பெயரைத் தொட்டுத்தான் உடைக்க வேண்டும்.

17 ஜூன்

ஆமாம் அண்ணா, ஆப்பில் கணக்குக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். என் ஆப் ஏற்றுக்கொண்டது.

15 ஜூலை

ஒரு மாதமாக இந்தப் பக்கம் வரவில்லை. இதற்கிடையில் ஒயிட்ஃபீல்டு தம்பி கேட்ட கேள்விதான் முக்கியமானது: "அக்கா, பணம் சேர்ப்பது சரி. சாயங்காலம் ஆறு மணிக்கு இன்னும் முப்பது போன் கால் பாக்கி இருக்கும்போது அந்தச் சீட்டு உங்களைத் தூக்கி நிறுத்துகிறதா?"

இல்லை. மறைக்க விரும்பவில்லை. காலையில் ஆபீஸ் வாசல் வரை அது என்னைக் கொண்டுவந்து விடும். ஆறு மணிக்கு, நாற்பதாவது பில்லில் பர்சேஸ் ஆர்டர் எண் பொருந்தாமல் நிற்கும்போது அம்மா சங்கிலி ஞாபகத்துக்கே வராது. வலுக்கட்டாயமாக நினைத்தால் எரிச்சல்தான் வரும். இந்த ஒரு பில்லால் சங்கிலியில் எத்தனை மில்லிகிராம் வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்த நாட்கள் உண்டு. அந்த நாட்களில் வேலை கசந்தது, பிழையும் கூடியது. ஒரு தடவை ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் போய்விட்டது, திரும்ப வாங்க மூன்று வாரம் ஆனது.

ஆறு மணிக்கு என்னை நிறுத்துகிறவர் வேறு ஒருவர். பீன்யா இரண்டாம் ஸ்டேஜில் லேத் பட்டறை வைத்திருக்கிறார், ஆம்பூர் பக்கத்துக்காரர். மூன்று மெஷின், ஐந்து பையன்கள். எங்களுக்கு புஷ் என்கிற உலோக வளையம் கடைந்து தருகிறார். போன வருடம் ஒரு நாள் நேரிலேயே வந்துவிட்டார். சட்டைப் பையில் எண்ணெய்க் கறை, அதற்குள் நாலாக மடித்த பில் நகல். "அம்மா, சனிக்கிழமை பசங்களுக்குக் கூலி கொடுக்கணும். இது எங்கே நிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். எங்கே நின்றது? என் தட்டில்தான். ஒன்பது நாளாக.

சின்ன யூனிட்டுகளுக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி வைத்து, வருடக் கடைசிக்குள்ளும் கட்டாவிட்டால் அந்த வருடம் அதைச் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். 2023-24 கணக்கிலிருந்து அமல். அதனால் கம்பெனிகளே அவசரப்படுகின்றன. ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே அந்த நாலு மடிப்புத் தாள் எனக்குப் போதுமானதாக இருந்தது. இன்றைக்கும் ஆறு மணிக்கு பில் பொருந்தவில்லை என்றால் எனக்குத் தெரிவது அந்தச் சட்டைப் பைதான்.

உளவியலாளர் ஆடம் கிராண்ட் தன் குழுவோடு 2007-ல் வெளியிட்ட ஆய்வும் இதே விஷயம்தான், அதுவும் உங்கள் தொழிலைப் போலவே போன் பேசுகிறவர்களை வைத்து. ஒரு பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை கேட்டு அழைக்கிறவர்கள். அந்தப் பணத்தால் உதவித்தொகை பெற்ற ஒரு மாணவரைச் சில நிமிடம் சந்திக்க வைத்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அவர்கள் போனில் செலவிட்ட நேரமும் திரட்டிய பணமும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தன. யாருடைய சொந்த இலக்கையும் சுவரில் ஒட்டவில்லை.

உங்கள் முப்பது போன் காலில் யாராவது ஒருவர் கடைசியில் "அப்பாடா" என்று மூச்சு விட்டிருப்பார். அந்தக் குரலை ஞாபகம் வைத்துக்கொள்ள முடிகிறதா பாருங்கள்.

21 ஜூலை

தில்லியிலிருந்து ஒரு அக்கா ஒரே வரியில் கேட்டிருந்தார்: "உங்கள் அம்மா எந்த நகையைக் கேட்டார்?"

ஆறு வருடத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை. நேற்று ராத்திரி கேட்டேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார், முறத்தைக் கீழே வைக்காமலே சொன்னார்:

"சங்கிலியும் அட்டிகையும் உங்க அப்பா வீட்டுல போட்டது. எங்கம்மா எனக்குப் போட்டது ஜிமிக்கி ஒண்ணுதான்."

ஜிமிக்கியை நான் கடைசிக்கு வைத்திருந்தேன். 20,000 தானே, எப்போது வேண்டுமானாலும் மீட்கலாம் என்று. கல்யாணப் போட்டோவில் அட்டிகைதான் பளிச்சென்று தெரியும், ஜிமிக்கி முடிக்குள் பாதி மறைந்திருக்கும். போட்டோவில் எது பெரிதாகத் தெரிந்ததோ அதையே அம்மாவின் ஆசை என்று நினைத்துக்கொண்டேன். நாலு வருடம் கண் கலங்கியது எல்லாம் என் காட்சி. அதில் அம்மாவுக்கு ஒரு வசனம்கூட நான் கொடுக்கவில்லை.

ஒருவர் தன் கனவுப் பலகையில் மனைவிக்கென்று கார் ஒட்டியிருப்பதாக இங்கே எழுதியிருந்தார். கேட்டுவிட்டு ஒட்டுங்கள் சார்.

22 ஜூலை

இலக்கை நெருங்க நெருங்க வேகம் கூடும் என்று 1930-களில் கிளார்க் ஹல் என்ற உளவியலாளர் எலிகளை வைத்துக் காட்டினார், அதனால் சின்னக் கடனை முதலில் முடித்திருக்க வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார். இருக்கலாம். அம்மாவிடம் கேட்டிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும்.

3 ஆகஸ்ட்

சங்கிலிக்கென்று சேர்ந்திருந்த பணத்திலிருந்து எடுத்து இன்று ஜிமிக்கியை மீட்டேன். பெயர் வைத்த கணக்கை உடைக்கத்தான் வேண்டியிருந்தது, ஆனால் இந்த முறை கை தயங்கவில்லை.

கவுண்டரில் வழக்கம்போல, "விலை ஏறியிருக்கு மேடம், சங்கிலிக்கு இன்னும் எடுக்கலாம்" என்றார்கள். "இன்றைக்கு மீட்க மட்டும் வந்தேன்" என்றேன். சின்னத் துணிப்பை, வாயில் அரக்கு. பிரித்துத் தராசில் வைத்தார்கள். சீட்டில் எழுதியிருந்த அதே எடை. நான் திருகாணியைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு பக்கத் தண்டில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. திருகாணி தளர்ந்தால் நூல் சுற்றி இறுக்குவார்களே, அது. நிறம் மங்கி அரக்கு மாதிரி ஆகியிருந்தது.

வீட்டில் அம்மா முதலில் பார்த்ததும் அந்த நூலைத்தான். "எங்கம்மா சுத்துனது" என்றார். கவரிங் தோட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஜிமிக்கியைப் போட்டுக்கொண்டு பால் வாங்கக் கடைக்குப் போய்விட்டார். வீட்டில் பால் இருந்தது.

14 நவம்பர் 2024

தம்பி எழுதியதைப் பார்த்தேன். சுவிட்சர்லாந்தை எடுத்துவிட்டாராம். புல்லட் படம் ஏடிஎம் கார்டில் இருக்கிறது. மானிட்டர் பக்கத்தில் சிசிஎன்ஏ என்ற கம்ப்யூட்டர் நெட்வொர்க் பரீட்சையின் தேதியும், அதற்குப் பயிற்சியாக 'ஒன்பது மணிக்கு முன் சப்நெட் கணக்கு பத்து' என்று ஒரு வரியும் மட்டும். ஊர் வீட்டைப் பற்றி அப்பாவிடம் கேட்டதற்கு, "மாடி எதுக்கு, கிணத்துக்கு மோட்டார் மாத்திக் குடு போதும்" என்றாராம். மோட்டார் விலை என்ன என்று இங்கே கேட்டிருக்கிறார். ஓசூர் அண்ணாவுக்குத் தெரியும், அவர் சொல்வார்.

தம்பி, அந்தப் பத்துக் கணக்கை ஒரு வாரம் விட்டுவிட்டேன் என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். என்ன தடுத்தது என்று எழுதவில்லையே. லேட் ஷிஃப்டா, பஸ்ஸா? அதை எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.

எனக்குச் சங்கிலிச் சீட்டு ஒன்றுதான் பாக்கி. ஜனவரியில் வட்டி, அதற்குள் அசலில் பாதியாவது கட்டிவிட நினைக்கிறேன். இன்று 14, 2பி வந்துவிட்டது, பதினோரு சப்ளையர் பொருந்தவில்லை. லேத் பட்டறைக்காரர் பில் பொருந்திவிட்டது, முதல் ஆளாகப் பார்த்தேன். மீதியை முடித்துவிட்டு வருகிறேன்.